ஜெர்மனியில் தனி வேலை அனுமதி இல்லாமல் யார் யார் வேலை செய்யலாம்? முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் இருக்கும் தமிழர்களிடம் உணவக முதலாளி முதல் ஊரில் உள்ள சித்தப்பா வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒர்க் பர்மிட் கிடைச்சுதா?" கேள்வியே பழசாகிவிட்டது. வேலை அலுவலகத்துக்குத் தனியாக நடந்து வாங்கும் அந்தச் சீட்டு, 2005 ஜனவரி 1 அன்று புதிய குடியேற்றச் சட்டம் வந்தபோதே பெரும்பாலானவர்களுக்கு ஒழிந்தது. அதன்பின் வேலை செய்யும் உரிமை வதிவிட அனுமதிக்குள்ளேயே எழுதப்படுகிறது. 2020 மார்ச் 1 முதல் விதி தலைகீழாகவே மாறியது. முன்பு, அனுமதி என்று எழுதியிருந்தால்தான் வேலை செய்யலாம். இப்போது, வதிவிட அனுமதி கையில் இருந்து சட்டம் தடுக்காவிட்டால் வேலை செய்யலாம்.

இதைக் கேட்டதும் "அப்படின்னா எதுவும் தேவையில்லை" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தனி அனுமதி தேவையில்லை என்பது வேறு, உரிமையே தேவையில்லை என்பது வேறு. உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சிலருக்கு அது பாஸ்போர்ட்டிலிருந்து வருகிறது, சிலருக்கு அட்டையில் உள்ள ஒரு வரியிலிருந்து. வேறு சிலருக்கு அளந்து கொடுத்த நாட்கள் மட்டுமே. நீங்கள் எந்த வகை என்று கண்டுபிடிக்க, கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

முதல் படி: பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் ஒன்றின் குடியுரிமை இருந்தால் கவலை முடிந்தது. ஐஸ்லாந்து, நார்வே, லீக்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து குடிமக்களுக்கும் அப்படித்தான். விசா, வதிவிட அனுமதி, வேலை அனுமதி எதுவும் வேண்டாம். வந்து வீடு பிடித்து, நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிட்டு வேலைக்குப் போகலாம். புதுச்சேரி, காரைக்காலைச் சேர்ந்த பிரெஞ்சுக் குடியுரிமைத் தமிழர்கள் இதில் அடக்கம். இத்தாலி, டென்மார்க், பிரான்ஸ் போன்ற நாடுகளில் குடியுரிமை வாங்கிய ஈழத் தமிழர்களும் அடக்கம்.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன.

முதலாவது பிரிட்டன். 2020 டிசம்பர் 31-க்கு முன்பே ஜெர்மனியில் வாழ்ந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் குடிமக்களுக்குப் பழைய உரிமை தொடர்கிறது. அதன்பின் லண்டனிலிருந்து வருபவர்களுக்கு அது கிடையாது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமல் உள்ளே வந்து, இங்கிருந்தபடியே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கைக்கு வரும்வரை வேலை செய்யக் கூடாது. "விசா இல்லாமல் வரலாம்" என்பதை "அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம்" என்று படிப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, இத்தாலி அட்டை. இத்தாலிய வதிவிட அட்டையோடு ஜெர்மனிக்கு வந்து 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம், சுற்றலாம், உறவினர்களைப் பார்க்கலாம். வேலை செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வதிவிட அட்டையாக இருந்தாலும் ஜெர்மனியில் தனியாக வதிவிட அனுமதி வாங்க வேண்டும். முதல் 12 மாத வேலைக்கு ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும். வேலை இல்லாத ஊரிலிருந்து வேலை உள்ள ஊருக்கு வருபவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. உணவகச் சமையலறையில் சோதனை வரும்போதுதான் தெரியவருகிறது.

மூன்றாவது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை. அது இந்தியாவுக்குள் மட்டும் செல்லும், ஜெர்மனியில் அதற்கு மதிப்பில்லை.

இரண்டாம் படி: யாருடைய குடும்பம் நீங்கள்?

ஐரோப்பியக் குடிமகனின் கணவனோ மனைவியோ ஆகி, அவரோடு ஜெர்மனியில் வாழ்ந்தால், நீங்கள் இந்தியரோ இலங்கையரோ, உங்களுக்கும் வேலை உரிமை உண்டு. 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், தம்பதியைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் உண்டு. இந்த உரிமை ஐரோப்பியச் சட்டத்திலிருந்து நேராக வருகிறது. கையில் கொடுக்கப்படும் வதிவிட அட்டை அந்த உரிமையை உருவாக்குவதில்லை, உறுதி மட்டுமே செய்கிறது. அதனால் அட்டை வரும்வரை சும்மா உட்கார வேண்டியதில்லை. விண்ணப்பித்ததற்கான சான்றை உடனே தர வேண்டும், அட்டையை 6 மாதத்துக்குள் தர வேண்டும் என்பது வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடமை.

ஜெர்மன் குடிமகனைத் திருமணம் செய்தவர்களுக்குக் கதை வேறு. கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் ஜெர்மானியரின் மனைவியைவிட, ஜெர்மனியில் வாழும் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்குச் சட்டம் கொஞ்சம் தாராளம். ஜெர்மானியர் தன் சொந்த நாட்டிலேயே இருக்கிறார், எல்லை தாண்டவில்லை, எனவே ஐரோப்பிய நடமாட்ட உரிமை பேச்சுக்கே வராது. உள்நாட்டுச் சட்டப்படி விசா, வதிவிட அனுமதி வழியாகத்தான் போக வேண்டும். அவர் வேறொரு ஐரோப்பிய நாட்டில் மனைவியோடு உண்மையாகவே வாழ்ந்துவிட்டுத் திரும்பினால் மட்டும் ஐரோப்பியச் சட்டம் அவர்களோடு கூடவே வரும். இந்த விதிக்கு அடிப்படை, சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கு. பிரிட்டிஷ் மனைவியோடு அவர் சில ஆண்டுகள் வேலை பார்த்ததே ஜெர்மனியில்தான். பிரிட்டனுக்குத் திரும்பியபோது எழுந்த வழக்கில் 1992-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

உள்நாட்டுச் சட்டப்படி குடும்பத்தோடு சேர வருபவர்களுக்கும் நல்ல செய்திதான். நீலஅட்டை (உயர்தகுதி வேலைக்கான வதிவிட அனுமதி) வைத்திருக்கும் மென்பொருள் பொறியாளரின் மனைவியோ, நிரந்தர வதிவிடம் உள்ளவரின் கணவனோ, வதிவிட அனுமதி வந்ததும் எந்த வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் நடத்தலாம். நீண்டகால நுழைவு விசாவிலேயே அந்த வரி அச்சாகி வந்திருந்தால் விமானம் இறங்கிய மறுநாளே வேலையில் சேரலாம். சென்னையில் விசா கைக்கு வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டுத் திருத்துவது எளிது.

மூன்றாம் படி: அட்டையில் உள்ள வரியைப் படியுங்கள்

இதுதான் முக்கியமான படி. வதிவிட அட்டையில் "குறிப்புகள்" பகுதியைப் பாருங்கள். இடம் போதாவிட்டால், கூடவே ஒரு பச்சைத் தாள் கொடுத்திருப்பார்கள். அதன் பெயர் சூசாட்ஸ்பிளாட். அட்டையைப் பத்திரமாக வைத்துவிட்டு அந்தத் தாளைத் தொலைப்பவர்கள் ஏராளம். உண்மையில் உங்கள் உரிமை முழுக்க அந்தத் தாளில்தான் இருக்கிறது.

"எர்வெர்ப்ஸ்டேட்டிஷ்கைட் எர்லாவுப்ட்" என்று இருந்தால் கதவு முழுதும் திறந்திருக்கிறது. சம்பள வேலை, சொந்தத் தொழில் இரண்டும் செய்யலாம், முதலாளியை மாற்ற யாரையும் கேட்க வேண்டாம். பழைய அட்டைகளில் கடைசிச் சொல் "கெஷ்டாட்டெட்" என்று இருக்கும், பொருள் அதேதான். நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள், குடும்ப விசாவில் வந்தவர்கள், அகதி அல்லது துணைப் பாதுகாப்பு அங்கீகாரம் கிடைத்தவர்கள் ஆகியோருக்கு இந்த வரி இருக்கும். வதிவிடச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி பாதுகாப்பு பெற்ற உக்ரைன் மக்களுக்கும் இதே வரிதான்.

"பெஷெஃப்டிகுங்" என்ற சொல் மட்டும் இருந்தால் சம்பள வேலைக்கு மட்டுமே உரிமை. தொழில் நடத்தத் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து சேலை விற்பது, விழாக்களுக்குச் சமைத்துக் கொடுப்பது, ஃப்ரீலான்ஸ் பில் போட்டு நிரல் எழுதுவது எல்லாம் தொழில் கணக்கில்தான் வரும். "சின்ன அளவுதானே" என்ற விதிவிலக்கு எதுவும் இல்லை.

தாளில் நிறுவனத்தின் பெயரும் பதவியும் இருந்தால், உரிமை அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அது என்றென்றைக்கும் அல்ல. சமூகக் காப்பீட்டோடு 2 ஆண்டுகள் வேலை செய்திருந்தாலோ, 3 ஆண்டுகள் இடைவெளியில்லாமல் சட்டப்படி தங்கியிருந்தாலோ, வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை. அலுவலகம் தானாக அந்தக் குறிப்பை நீக்காது. நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். நீலஅட்டைக்காரர்களுக்கு முதல் 12 மாதம் மட்டும் சின்னக் கட்டு: வேலை மாறினால் தெரிவிக்க வேண்டும், அலுவலகம் அதை 30 நாள் நிறுத்தி வைத்துச் சோதிக்கலாம்.

தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் இந்த வழிகாட்டியின் விளிம்பில் நிற்கிறார்கள். முதல் 3 மாதம் முழுத் தடை. முகாமில் தங்கியிருப்பவர்களுக்கு 6 மாதம். அதன்பிறகும் ஒவ்வொரு வேலைக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தூல்டுங், அதாவது நாடு கடத்தலைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கும் சான்று, வைத்திருப்பவர்களுக்கும் அனுமதி கட்டாயம். தாளில் தடை எழுதியிருந்தால், எந்தக் காரணத்துக்காக அந்தத் தடை என்று ஓர் ஆலோசகரோடு உட்கார்ந்து பாருங்கள். சில காரணங்களை நீக்க முடியும்.

நான்காம் படி: மாணவர்களின் நாள் கணக்கு

2022-23 கல்வியாண்டு முதல் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

2024 மார்ச் 1 முதல் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் தனி அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம். முன்பு இது 120, 240. ஒரு நாளில் 4 மணி நேரம் வரை அரை நாள், அதற்கு மேல் போனால் முழு நாள். நான்கரை மணி நேரமும் முழு நாள்தான், எட்டு மணி நேரமும் முழு நாள்தான். ஷிஃப்ட் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

பலருக்குத் தெரியாத இரண்டாவது கணக்கும் ஒன்று உண்டு. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்தால், எத்தனை நாட்களாகப் பிரித்துச் செய்தாலும், அந்த வாரத்துக்கு இரண்டரை நாள் மட்டும் கழித்துக்கொள்ளலாம். விடுமுறைக் காலத்தில் முழு நேரம் வேலை செய்தாலும் வாரத்துக்கு இரண்டரை நாள்தான். இரண்டு கணக்கில் உங்களுக்கு எது சாதகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். இப்போது பெருக்கிப் பாருங்கள்: ஆண்டின் 52 வாரமும் இப்படியே வேலை செய்தாலும் 130 நாள்தான் ஆகிறது. அதாவது வகுப்புக் காலத்தில் 20 மணி நேரத்தைத் தாண்டாத மாணவரின் கணக்கு தீரவே தீராது.

பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராக வேலை செய்தால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. பாடத்திட்டத்தில் கட்டாயமான பயிற்சிக் காலமும் சேராது. விருப்பப்பட்டுச் செய்யும் பயிற்சி சேரும், சம்பளமே இல்லாவிட்டாலும் சேரும்.

இதோடு இன்னொரு 20 மணி நேர விதியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சமூகக் காப்பீட்டுக்கானது. வகுப்புக் காலத்தில் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் சலுகை போய், சம்பளத்தில் காப்பீட்டுப் பிடித்தம் கூடும். விசா விதியை மீறாமலே இந்த விதியை மீறலாம். மினிஜாப் என்கிற குறைந்த சம்பளச் சிறு வேலையும் அப்படி ஒரு குழப்பம். 2025-இல் மாதம் 556 யூரோ, 2026-இல் 603 யூரோ என்ற வரம்பு வரிக்கும் காப்பீட்டுக்கும் உரியது. குறைந்த சம்பளம் என்பதால் குடியேற்றச் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. மினிஜாப் நாட்களும் 140-க்குள்தான் வரும்.

உணவு டெலிவரியில் கவனம் தேவை. நிறுவனம் உங்களை ஊழியராகச் சேர்த்து மாதச் சம்பளச் சீட்டு தருகிறதா, அல்லது தொழில் பதிவு செய்து பில் கொடுக்கச் சொல்கிறதா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது என்றால் மாணவர் விசாவில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. அதைவிட மோசமானது, அடுத்தவர் கணக்கில் புகுந்து ஓட்டுவது. அந்த யோசனை சொல்லும் நண்பர் மாட்டப்போவதில்லை, நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

பட்டம் முடித்த பிறகு கிடைக்கும் 18 மாத வேலை தேடும் அனுமதியில் இந்த நாள் கணக்கெல்லாம் கிடையாது. முழு நேரமாக எந்த வேலையும் செய்யலாம். மொழிப் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் வந்தவர்கள் வாரம் 20 மணி நேரம் செய்யலாம். 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள சான்சன்கார்ட்டெ என்கிற வாய்ப்பு அட்டையில் சராசரியாக வாரம் 20 மணி நேரம் உண்டு. அத்துடன், தகுதிக்கேற்ற வேலையை ஒவ்வொரு நிறுவனத்திலும் 2 வாரம் வரை வெள்ளோட்டமாகச் செய்து பார்க்கலாம். அதை வேலை விசா என்று சொல்லி விற்கும் முகவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அது வேலை தேடும் அட்டை மட்டுமே.

ஐந்தாம் படி: குறுகிய கால விசாவில் வருபவர்கள்

ஷெங்கன் விசாவில் வேலை செய்யக் கூடாது என்பது பொது விதி. ஆனால் சில செயல்களைச் சட்டமே "இது வேலை அல்ல" என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. கரூரிலிருந்து ஃபிராங்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு வரும் ஏற்றுமதியாளர் வாடிக்கையாளரோடு பேரம் பேசலாம், ஒப்பந்தம் போடலாம், ஒப்பந்தப்படி காரியம் நடக்கிறதா என்று மேற்பார்வையிடலாம். 180 நாட்களில் 90 நாட்கள் வரை இது வணிகப் பயணம். அதே ஆள் இறக்குமதியாளரின் கிடங்கில் பெட்டி பிரித்து அடுக்கினால் அது வேலை.

அரங்கேற்றத்துக்குச் சென்னையிலிருந்து வரும் மிருதங்க வித்வானுக்கும் இடம் உண்டு. கலை மதிப்புள்ள நிகழ்ச்சிகளுக்கு, நிரந்தர வீடு வெளிநாட்டிலேயே இருக்கும் கலைஞர்கள் 12 மாதத்தில் 90 நாட்கள் வரை வரலாம். உரை நிகழ்த்த வரும் அறிஞர்களுக்கும் இதே விதிதான். ஆனால் விசா விண்ணப்பத்தில் நோக்கத்தை மறைக்கக் கூடாது. "சுற்றுலா" என்று எழுதிவிட்டு மேடை ஏறினால் சலுகை கையில் இருந்தும் பயனில்லை, பொய் சொன்னது மட்டும் பதிவில் நிற்கும்.

பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மா, அப்பாவைப் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டில் குழந்தையைக் கவனிப்பது குடும்ப உதவி, அதில் பிரச்சினை இல்லை. மகனின் கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் "சம்பளம் வாங்கவில்லை" என்று அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டிய நிலை வரும். தவிர்த்துவிடுங்கள்.

சுற்றுலா விசாவில் வந்து மடிக்கணினியில் பெங்களூர் அலுவலக வேலையைச் செய்வதும் பாதுகாப்பானது அல்ல. சம்பளம் இந்தியாவில் விழலாம், ஆனால் ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் ஜெர்மனி.

ஆறாம் படி: அட்டை காலாவதியாகும் இடைவெளி

நடைமுறையில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். நகரங்களில் அப்பாயிண்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது, அதற்குள் அட்டை முடிந்துவிடுகிறது.

முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால், பழைய அட்டையின் உரிமைகள் அப்படியே தொடர்கின்றன, வேலை உரிமையும் சேர்த்து. ஒரு நாள் தாமதித்தாலும் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. எனவே நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இணையப் படிவத்தில் விண்ணப்பித்து, உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். அப்புறம் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்றைக் கேளுங்கள். அதற்குள் எந்தப் பெட்டியில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வதிவிடச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய உரிமை தொடர்கிறது. 3-ஆம் உட்பிரிவு என்றால் தங்கலாம், வேலை உரிமை பொதுவாகக் கிடையாது.

படிப்பு விசாவிலிருந்து வேலை விசாவுக்கு மாறுபவர்களுக்கு 5அ என்ற உட்பிரிவு உதவும். அலுவலகம் ஒப்புக்கொண்டு அட்டை அச்சுக்குப் போய்விட்டால், அட்டை வரும்வரை காத்திருக்காமல் புதிய வேலையைத் தொடங்கலாம். இதைச் சான்றில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் காகிதத்தில் கண்டால்தான் நம்பும்.

ஏழாம் படி: வேலையில் சேரும் நாள்

அட்டையைச் சோதித்து நகல் எடுத்து வைப்பது முதலாளியின் சட்டக் கடமை, எனவே நகல் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். மூல அட்டையையோ பாஸ்போர்ட்டையோ அவர் வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் கூடாது. "ஒர்க் பர்மிட்டும் வேண்டும்" என்று அடம் பிடித்தால், வதிவிடச் சட்டத்தின் 4அ பிரிவைக் காட்டி, அட்டையில் உள்ள வரியைச் சுட்டிக்காட்டுங்கள்.

உணவகம், கட்டடம், போக்குவரத்து, கட்டடத் துப்புரவு, இறைச்சித் தொழில் போன்ற துறைகளில் வேலை நேரத்தில் பாஸ்போர்ட் அல்லது அட்டை உங்களிடம் இருக்க வேண்டும். சுங்கத் துறையின் கள்ள வேலைத் தடுப்புப் பிரிவு முன்னறிவிப்பு இல்லாமல் வரும். வேலைக்காகவே தரப்பட்ட வதிவிட அனுமதியில் இருப்பவர்கள், வேலை முன்கூட்டியே போனால் 2 வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாளிக்கு 4 வாரம் அவகாசம்.

எட்டாம் படி: ஏற்கெனவே சிக்கலில் இருந்தால்

உரிமை இல்லாமல் வேலை செய்தவருக்கு 5,000 யூரோ வரை அபராதம் விழலாம், முதலாளிக்கு 5,00,000 யூரோ வரை. பணத்தைவிடப் பெரிய இழப்பு, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது வரும் மறுப்பு. மாணவர்கள் நாள் கணக்கைத் தாண்டியிருந்தால், அடுத்த ஷிஃப்டை நிறுத்திவிட்டு, விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை பெறுங்கள். வரி அலுவலகத்துக்கும் காப்பீட்டுக்கும் போன தகவல் எங்கேயும் போகாது என்று நினைக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. உரிமை இல்லாமல் வேலை செய்தாலும் சம்பளம் சம்பளம்தான். "உன் விசாவில் இதெல்லாம் கேட்க முடியாது" என்று மிரட்டும் முதலாளிக்குச் சட்டம் துணை நிற்காது. பேசிய கூலியை அவர் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பதில் தகராறு வந்தால், 3 மாதம் வேலை செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், மாறானதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் வந்த நேரம், போன நேரம், ஷிஃப்ட் அட்டவணை, வாட்ஸ்ஆப் செய்திகள் எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

உதவிக்கு, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் வேலை உரிமைகளுக்காகவே "ஃபேர் இன்டெக்ராட்சியோன்" என்ற இலவச ஆலோசனை மையங்கள் ஜெர்மனி முழுக்க இருக்கின்றன. வதிவிடம் பற்றிய கேள்விகளுக்குக் காரித்தாஸ், டியகோனி, செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் குடியேறியோர் ஆலோசனையும் இலவசம். போகும்போது அட்டை, பச்சைத் தாள், வேலை ஒப்பந்தம், கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.